ம் கொட்டியது யார்?

அத்தியாயம் 5

“சார், சாயாதீங்க. அது படைப்பு.”

துள்ளி நிமிர்ந்தேன். “எதுங்க?”

“சுவர்,” என்றார் காவலாளி, இதுகூடத் தெரியாமல் உள்ளே வந்துவிட்டாயே என்ற முகத்தோடு.

திரும்பிப் பார்த்தேன். காரை பெயர்ந்த, சாதாரணத்திலும் சாதாரணமான சுவர். பக்கத்தில் ஒரு அட்டை: ‘சாய்மானம். செங்கல், சுண்ணாம்பு, தலையெண்ணெய்.’ உற்றுப் பார்த்தபோது தலை உயரத்தில் ஓர் எண்ணெய்க் கறை தெரிந்தது. இப்போது என் தலையும் தன் பங்கைச் செலுத்தியிருந்தது.

“உள்ள வந்து அஞ்சு நிமிஷம் ஆகல. அதுக்குள்ள கலைக்குத் தொண்டு பண்ணிட்டே,” என்றார் அண்ணி. “கையைப் பாக்கெட்ல விட்டுக்கிட்டு நடுவுலயே நடந்து வா.”

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் பொய் க்ளெய்ம்களை மோப்பம் பிடிப்பதுதான் அவருக்கு வேலையாக இருந்தது. ரிட்டையர் ஆனபோது ஆபீஸ் அவரை விட்டது, மூக்கு விடவில்லை. அதனால் துப்பறிய ஆரம்பித்தார். நான் அவருடைய உதவியாளன். கார் ஓட்டுவது, கதவைத் திறந்துவிடுவது, தப்பான ஆளைச் சந்தேகப்படுவது, இந்த மூன்றையும் இதுவரை பிசகாமல் செய்து வருகிறேன்.

மூடிக் கிடந்த பழைய ஆலை ஒன்றைத் துடைத்து, வெள்ளையடித்து, கண்காட்சிக் கூடமாக மாற்றியிருந்தார்கள். ஒரு கூடம் முடிந்தால் இன்னொரு கூடம். அது முடிந்தால் ஒரு படிக்கட்டு, அந்தப் படிக்கட்டே ஒரு படைப்பு. ஓவியங்களும் இருந்தன, ஆனால் அவற்றிலிருந்து கதவுக் கைப்பிடிகள் நீட்டிக்கொண்டிருந்தன. எக்ஸ்ரே படங்களைச் சேர்த்துத் தைத்து ஒரு திரைச்சீலை. கிழிந்த குடைகளின் கம்பிகளை மட்டும் கோத்து உச்சியில் ஒரு மேகம். பாட்டில் மூடிகளால் செய்த படகுக்குள் ஒரு சின்ன டிவி, அந்த டிவியில் ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி நின்ற கூட்டம் வேர்த்து விறுவிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

“மேடம், நல்லவேளை வந்தீங்க!” என்று ஓடிவந்தார் கண்காட்சியின் பொறுப்பாளர். நாற்பது வயதுப் பெண்மணி. கையில் வளையல் போட வேண்டிய இடத்தில் ஒட்டு டேப் சுருள் மாட்டியிருந்தார். காலையில் சாப்பிட்ட மாதிரித் தெரியவில்லை. “இங்க ஒரு திருட்டு நடக்கப்போகுது. இன்னைக்கு அஞ்சு மணிக்கு. மேடையில, மைக் வெச்சு, கைதட்டலோட.”

“என்ன திருடு போகப்போகுது?” என்றார் அண்ணி.

“ஒரு அறை.”

“எந்த வண்டியில ஏத்துவாங்க?” என்று கேட்டேன். அண்ணி என் காலை மிதித்தார்.

பொறுப்பாளர் நடந்துகொண்டே சொன்னார். கண்காட்சியின் முதல் பரிசு மாடியில் இருக்கும் பெரிய அறை. உயரமான ஜன்னல்கள், நல்ல வெளிச்சம், நீள மேசை. ஜெயிப்பவர் ஒரு வருஷம் முழுக்க வாடகையில்லாமல் அதில் வேலை செய்யலாம். முடிவில் அவருக்கென்று தனிக் கண்காட்சி. இந்த வருஷம் மூன்று நடுவர்களும் ஒரே மனதாக ஒரு படைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அதில் ஒரே ஒரு சிக்கல்தான். அதைச் செய்தது யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

“தெரியாம எப்படி உள்ள வந்துச்சு?”

பொறுப்பாளர் முகம் சிவந்தார். “கடைசிக் கூடத்துல ஒருத்தர் வரலைன்னு சொல்லி ஒரு இடம் காலியா இருந்துச்சு. எல்லாரும் சாமான் இறக்கிட்டிருந்த நேரம். ஒருநாள் காலையில பார்த்தா இது நிக்குது. கமிட்டித் தலைவர் கொண்டுவந்ததுன்னு நான் நினைச்சேன். தலைவர் நான் தேர்ந்தெடுத்ததுன்னு நினைச்சார். செயலாளர், ஏதோ வெளிநாட்டுலேர்ந்து வந்ததுன்னு நினைச்சுட்டார்.”

“ஒருத்தர்கூட வாயைத் திறந்து கேக்கலையா?”

“கேட்டா நமக்குத் தெரியலைன்னு ஆயிடுமே மேடம். எல்லாரும் ‘அருமை, அருமை’ன்னு தலையாட்டிட்டுப் போயிட்டோம்.”

“இப்போ யாரோ வந்து என்னுதுன்னு சொல்றாங்க. சரியா?”

“ஒரு சிற்பி. பெரிய பேரு. வெயில் காலத்துலயும் கழுத்துல மஃப்ளர் சுத்தியிருப்பார். ‘வேணும்னேதான் பேரை மறைச்சேன், அது என் படைப்போட ஒரு பகுதி’ன்னு நேத்து வந்து நிக்கறார். மேடம், அவர் எது செஞ்சாலும் அதுல அவர் முகம் இருக்கும். குதிரை செஞ்சார், அதுக்கும் அவர் முகம்தான். இதுல யார் முகமும் இல்லை.” அவர் குரல் இறங்கியது. “யாரோ ஒருத்தர் ராப்பகலா உழைச்சு இதைச் செஞ்சிருக்காங்க. அவங்க அறையைத் தூக்கி இந்த ஆளுக்குக் குடுத்துட்டு நான் எப்படித் தூங்கறது?”

“பொய் க்ளெய்ம்,” என்றார் அண்ணி. பழைய சிநேகிதியை ரயிலில் சந்தித்தவர் போல அவர் முகம் மலர்ந்துவிட்டது.

கடைசிக் கூடத்தில் ஒரு வரிசை நின்றது. வரிசையின் முனையில் ஒரு சாப்பாட்டு மேசை, அதன்மேல் வெள்ளை விரிப்பு. எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலிகள். அந்தப் பக்க நாற்காலியில் ஓர் ஆள் செய்தித்தாளை விரித்துப் பிடித்து உட்கார்ந்திருந்தார். கிட்டே போனால்தான் தெரிந்தது, ஆள் இல்லை. பஞ்சு அடைத்த முழுக்கைச் சட்டை, கையுறை விரல்கள். தலை இருக்க வேண்டிய இடத்தில் விரித்த செய்தித்தாள். மேசைக்கு அடியில் ஒரு பேன்ட், அதன் கீழே குதிகால் தேய்ந்த ஒரு ஜோடி செருப்பு. அட்டையில் ‘சாப்பாட்டு வேளை’ என்று தலைப்பு. அதற்குக் கீழே: ‘செய்தித்தாள், சட்டை, செருப்பு, நூல், குரல். உட்காருங்கள். பேசுங்கள்.’

எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெண்மணி உட்கார்ந்தார். கூச்சத்தோடு, “நாளைக்கு எனக்குப் பிறந்தநாள்,” என்றார்.

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “ம்.”

‘ம்’முக்குப் பிறகு தொண்டையில் ஒரு சின்னச் செருமல். பிறகு தாள் புரளும் ஓசை. பெண்மணி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எழுந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றிருந்த தன் கணவரை நோக்கி நேராகப் போனார். அந்த மனிதருக்காக நான் மனதுக்குள் வருத்தப்பட்டேன்.

அண்ணி உட்கார்ந்தார். “மழை வரும்போல இருக்கே.”

“ம்.” செருமல். தாள்.

“உங்க தம்பி இன்னைக்கும் பெட்ரோல் போடாம காரை நிறுத்தியிருக்கான்.”

“ம்.”

எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. “அண்ணி! இது நம்ம அண்ணன் குரல்!”

“எல்லா வீட்டு அண்ணனுக்கும் இதே குரல்தான். வெளிச்சத்தை மறைக்காம தள்ளி நில்லு.”

அவர் மேசை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். நானும் குனிந்தேன். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். விரிப்பு முழுக்க எழுத்து. இந்த நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கு துணியில் படுகிற மாதிரிக் குனிந்தால் மட்டுமே தெரியும். எதிர்ப் பக்கம் இருப்பவருக்கு அது வெறும் துணிதான்.

‘மழை வருது.’ ‘காய் தீர்ந்துபோச்சு.’ ‘கண்ணுக்கு மருந்து விட்டாச்சா?’ ‘எனக்கு லேசா ஜுரம்.’ ‘இன்னைக்குச் சீக்கிரம் வருவீங்களா?’

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த எனக்குச் சட்டென்று சிரிப்பு நின்றுவிட்டது. என் அண்ணன் மேல் கோபம்கூட வந்தது.

“மஃப்ளருக்கு ஊசி பிடிக்கத் தெரியுமா?” என்று கேட்டார் அண்ணி.

“வெல்டிங் பண்ணவே ஆள் வெச்சிருக்கார்,” என்றார் பொறுப்பாளர்.

அண்ணி பேனாவைக் கீழே தவறவிட்டு, அதை எடுக்கிற சாக்கில் மேசைக்கு அடியில் மறைந்தார். சாதாரணமாகப் பேனா எடுக்கிற நேரத்தைவிட இது கொஞ்சம் நீண்டது. வெளியே வந்தபோது கண் பளபளத்தது.

“தம்பி, இந்த மேசைக்கு எங்கேயாவது வயர் வருதா?”

பார்த்தேன். “இல்லையே.”

“அப்போ இந்த மனுஷன் எதைச் சாப்பிட்டு ‘ம்’ கொட்டறார்?”

பதிலை அவரே உள்ளங்கையில் வைத்து நீட்டினார். இரண்டு பேட்டரிகள். பலகைக்கு அடியில், விட்டு விட்டு ஒலிக்கிற சின்ன ரெக்கார்டர் ஒன்றைத் துணிப்பை தைத்து, அதற்குள் வைத்திருந்தார்களாம். பொத்தானும் காஜாவும்கூட இருந்ததாம்.

“கண்காட்சி ஆரம்பிச்சு ரெண்டு வாரம் ஆச்சு. பகல் பூரா ஓடினா இந்த பேட்டரி ஒரு நாளைக்கு மேல தாங்காது. உங்க ஆளுங்க யாராவது மாத்தறாங்களா?”

“இதுல பேட்டரி இருக்குன்னே எங்களுக்குத் தெரியாதே!” என்றார் பொறுப்பாளர்.

“அப்போ தினமும் யாரோ வந்து தீனி போட்டுட்டுப் போறாங்க. தம்பி, இதைப் பையில போட்டுக்கோ. குஞ்சோட சத்தம் நின்னா தாய்க்கோழி வந்து பார்க்கும்.”

ஷூ கயிறுகளால் கட்டிய ஒரு மரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றோம். நான் கூட்டத்தைச் சல்லடை போட்டுச் சலித்தேன். தாடிக்காரன் ஒருவன், தோளில் பெரிய பை. தலைமுடிக்குப் பச்சைச் சாயம் பூசிய ஒரு பெண் வேறு, எங்கள் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கலைக்காரி என்று நெற்றியில் எழுதியிருந்தது. நான் முடிவுக்கு வந்துவிட்டேன்.

அப்போது மஃப்ளர் வந்தார். பின்னால் நாலைந்து நிருபர்கள். மேசைக்கு முன்னால் நின்று, கண்ணை மூடி, கையை உயர்த்தினார்.

“கேளுங்க. இந்தக் குரலைக் கேளுங்க.”

எல்லோரும் கேட்டார்கள். பேட்டரிகள் என் சட்டைப்பையில் சமர்த்தாகக் கிடந்தன.

“ஒண்ணும் கேக்கலையே சார்,” என்றார் ஒரு நிருபர்.

மஃப்ளர் கண்ணைத் திறந்தார். ஒரே ஒரு கணம் விழித்தார். பிறகு முகத்தில் ஞானம் வந்து உட்கார்ந்தது. “அதுதான்! அந்த மௌனம்தான் படைப்பு!”

நிருபர்கள் பரபரவென்று எழுதிக்கொண்டார்கள். ஆளை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. இவ்வளவு சாமர்த்தியம் இருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

“பெத்த தாய்க்குப் பிள்ளை அழலைன்னா பதறும். இவர் போஸ் குடுக்கறார்,” என்றார் அண்ணி. “ஆனா இதை வெச்சுக் கமிட்டியை நம்பவைக்க முடியாது. பொறு.”

அடுத்து வந்தவர் தலைமை நடுவர். பெரிய விமர்சகர். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டுத் தூரிகையைத் தூக்கிப் போட்டு, மளிகைக் கடை வைத்தவர்கள் உண்டு என்று பொறுப்பாளர் காதோரம் சொன்னார். கூடவே கைப்பையும் குடையுமாக அவர் மனைவி. தினமும் இந்த நேரத்துக்கு அவர் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதற்காக வருவாராம்.

அண்ணி நேராகப் போனார். “சார், இதை ஏன் சார் முதல் பரிசுக்கு எடுத்தீங்க?”

“இது ஒரு தனி மனுஷனைப் பத்தினது இல்லைம்மா. ஒரு நாகரிகமே பேச்சை மறந்துட்டு நிக்குது.” அவர் கை காற்றில் வட்டமிட்டது. “அந்தச் செருப்பைப் பாருங்க. குதிகால் ஒரு பக்கமாத் தேஞ்சிருக்கு. ஒரு தலைமுறையோட களைப்பு அது. நான் இங்க ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், தெரியுமா?”

“தலையை நிமித்துங்க,” என்றார் மனைவி.

விமர்சகர் பேச்சை நிறுத்தாமலே தலையை நிமிர்த்தினார். சொட்டு விழுந்தது. “என் மனைவி,” என்று எங்களுக்கு அறிமுகம் செய்தார். “இவளுக்கு இதுலல்லாம் ஈடுபாடு கிடையாது.”

மனைவி புன்னகைத்து மருந்துப் புட்டியை மூடினார். விமர்சகர் மேடைப் பேச்சுக்குக் குறிப்பெடுக்கிறேன் என்று போய்விட்டார். நான் மறுபடியும் பச்சைமுடியின் மேல் கண்ணை நட்டேன். ஒரு அசைவைக்கூட விடவில்லை. அவள் கொட்டாவி விட்டதைக்கூடக் கவனித்தேன்.

“ம்.”

என் கழுத்து சொடுக்கியது. மேசையிலிருந்துதான். செருமல், தாள், எல்லாம் பழையபடி.

“தம்பி,” என்றார் அண்ணி அமைதியாக, “பேட்டரி எங்க இருக்கு?”

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் இருந்தன. “அப்போ இது எப்படிப் பேசுது? அண்ணி, அந்தப் பச்சைமுடிதான்! நான் கண்கொட்டாமப் பார்த்துட்டிருந்தேன், எப்படியோ ஏமாத்திட்டா!”

“அந்தப் பொண்ணு ரொம்ப நேரமா உன்னைப் பார்த்துட்டு, கீழே அட்டை இருக்கான்னு தேடிட்டிருக்கா. அசையாம நின்னா இங்க அப்படித்தான் நினைப்பாங்க. வா.”

அண்ணி எல்லாவற்றையும் பார்த்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்த ஓர் அம்மா, கைக்குட்டையைத் தவறவிட்டு, குனிந்து எடுத்து, எழுந்து போனதை. அதற்கு முன்பே அந்த அம்மா யார் கண்ணுக்கு மருந்து விட்டார் என்பதையும்.

விமர்சகரின் மனைவி மாடியில் இருந்தார். பூட்டிய பரிசு அறையின் கண்ணாடிக் கதவில் இரண்டு கையையும் குவித்து வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

“புது பேட்டரி நல்லா வேலை செய்யுது,” என்றார் அண்ணி.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். மறுக்கப்போகிறார் என்று நினைத்தேன். எங்கள் முகத்தைப் பார்த்தார், என் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த பேட்டரிகளைப் பார்த்தார், கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“நீங்கதானா எடுத்தது? நான் பயந்தே போயிட்டேன்.”

“ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராமே?”

“ஆமாங்க. எங்க வீட்ல எனக்கு எதிர்ல அவ்வளவு நேரம் உட்கார்ந்ததே இல்லை.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அந்தச் செருப்பு காணோம்னு வீட்டையே ரெண்டாக்கினார். என்னைத் திட்டிட்டுத்தான் இங்க கிளம்பி வந்தார். அது முன்னாடியே உட்கார்ந்து, அதைப் பத்தி ஒரு பக்கம் எழுதினார். சாயங்காலம் வந்து எனக்கு விளக்கமும் சொன்னார். ‘உனக்குப் புரியாது’ன்னு ஆரம்பிச்சு.”

“குரல்?”

“எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியில ரெக்கார்டரை வெச்சேன். பிடிக்கறது ஒண்ணும் கஷ்டமில்லை, அவர் வேற எதுவும் பேசலையே. தன் குரலே தனக்குத் தெரியல பாருங்க. விரிப்பைப் பத்தி மட்டும் ஒரு வரி எழுதல. அவர் கண்ணுக்கு அது தெரியல.”

“சொல்லிட வேண்டியதுதானே?”

சிரிப்பு போய்விட்டது. “நான் எழுந்து நின்னா, பொண்டாட்டிக்குப் பரிசைத் தூக்கிக் குடுத்தார்னு அவரைப் பேசுவாங்க. அவர் கெட்டவர் இல்லைங்க. நேர்மையான மனுஷன். காதுதான் வீட்டுக்கு வந்ததும் லீவு எடுத்துக்கும்.”

“அதை விடுங்க. இந்த அறை உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?”

“வேணும்.”

யோசிக்கவே இல்லை. சொன்ன வேகத்தைக் கண்டு அவரே கொஞ்சம் ஆடிப்போனார். கண்ணாடிக் கதவை மறுபடி திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“துணி காயப்போடற பால்கனியில உட்கார்ந்து தச்சேங்க. அவர் வர்ற சத்தம் கேட்டா சுருட்டி வாளியில போட்டு, மேல ஈரத்துணியைப் போட்டுடுவேன். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கற மாதிரி ஒரு அறை… இந்த வயசு வரைக்கும் எனக்கு பாத்ரூம் ஒண்ணுதான் அப்படி இருந்துது.”

அண்ணி கதவுப் பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார்.

“அஞ்சு மணிக்கு மேடைக்கிட்ட வாங்க,” என்றார் பிறகு. “நான்தான் செஞ்சேன்னு நீங்க சொல்லவே வேண்டாம். வீட்ல வழக்கமாக் கேக்கற மாதிரி அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. மத்ததை அவரே பார்த்துப்பார்.”

கூடம் நிரம்பி வழிந்தது. பரிசு பெறும் படைப்பு என்பதால் மேசை, நாற்காலி, செய்தித்தாள்காரர் எல்லாவற்றையும் மேடைக்கே தூக்கி வந்திருந்தார்கள். முன் வரிசையில் மஃப்ளர், இஸ்திரி போட்ட புது மஃப்ளரோடு. விமர்சகர் மைக்குக்கு முன்னால் நின்று குறிப்புத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

கமிட்டித் தலைவர் கையை நீட்டி மஃப்ளரை அழைத்தார். மஃப்ளர் படியில் கால் வைக்கும்போது அண்ணி எழுந்தார்.

“ஒரு சின்னச் சந்தேகம். அந்த ‘ம்’ யாரோட குரல்?”

“என்னுடையதுதான்,” என்றார் மஃப்ளர் கம்பீரமாக.

“ஒரு தடவை நேர்ல கேக்க ஆசையா இருக்கு.”

யாரோ ஒரு மைக்கை நீட்டினார்கள். அது நான்தான். மஃப்ளர் மார்பை நிமிர்த்தி, “ம்,” என்றார். கீச்சென்று வந்தது, கொசு ஒன்று கேள்வி கேட்ட மாதிரி. கூடம் கொல்லென்று சிரித்தது.

“இன்னைக்குத் தொண்டை சரியில்லை,” என்று கழுத்தைத் தொட்டுக் காட்டினார் மஃப்ளர்.

“அப்போ அது யார் குரல்தான்?” என்று தலைவர் தவித்தார்.

இவ்வளவு கூத்துக்கும் விமர்சகர் தலை தூக்கவே இல்லை. மூன்றாவது தாளைக் காணாமல் தேடிக்கொண்டிருந்தார். அவர் மனைவி மேடைப் படியேறி, அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். குடையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“ஏங்க.”

தாள்கள் புரண்டன.

“அந்த மாடி அறையை நான் எடுத்துக்கட்டுமா?”

“ம்,” என்றார் விமர்சகர். ஒரு சின்னச் செருமல். தாள் ஒன்று புரண்டது.

எல்லாம் மைக்கில் போய், கூடத்தின் நாலு மூலையிலும் ஒலித்தது. இரண்டு வாரமாக வரிசையில் நின்று அந்தக் குரலோடு குடும்பம் நடத்தியவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள்.

“அவரேதான்!” என்று கத்தினார், மறுநாள் பிறந்தநாள் கொண்டாடவிருந்த பெண்மணி.

அப்புறம் எழுந்த சிரிப்பில் உச்சியில் தொங்கிய குடைக்கம்பிகள்கூட ஆடின. மஃப்ளர், “இந்தக் குழப்பம்தான் என் உண்மையான படைப்பு!” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். இந்தத் தடவை ஒரு நிருபரும் எழுதிக்கொள்ளவில்லை. மெல்ல நழுவி, நெருங்கிய நண்பர்களைத் தேடிப் போகிறவர் போல வாசல் பக்கம் மறைந்தார்.

விமர்சகர் தலை நிமிர்ந்தார். “என்ன? என்ன ஆச்சு?” கூட்டத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு மேசையை, சட்டையை, கடைசியாகக் கீழே.

“அது என் செருப்பு,” என்றார் மைக்கில்.

கோபப்படப்போகிறார் என்று நான் பயந்தேன். பொறுப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார். விமர்சகர் மேசைக்கு நடந்து போய், காலியாக இருந்த மனைவியின் நாற்காலியில் உட்கார்ந்தார். ஏதோ விரலில் தட்டுப்பட்டது. குனிந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு துணியில் படுமளவுக்குக் குனிந்தார். விரல் வெள்ளை நூலின் மேல் எழுத்து எழுத்தாக நகர்ந்து, ஓரிடத்தில் நின்றது. சிரிப்பு தானாக அடங்கியது.

“லேசா ஜுரம்னு போட்டிருக்கே. இது எப்போ?”

“போன மழைக்காலத்துல.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேன்.”

“நான் என்ன சொன்னேன்?”

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. “ம்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. விமர்சகர் எழுந்து மைக்குக்கு வர நேரம் பிடித்தது. குறிப்புத் தாள்களை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

“என் ஓட்டைக் கழிச்சுடுங்க,” என்றார் மற்ற இரண்டு நடுவர்களிடம். “மிச்சம் நீங்க சொல்லுங்க.”

இருவரும் கையைத் தூக்கினார்கள். ஒருவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டு, அசடு வழிய ஒன்றை இறக்கினார்.

“முதல் பரிசு,” என்று ஆரம்பித்த விமர்சகர் நின்றார். ‘என் மனைவி’ என்று சொல்ல வாயெடுத்து, அதை மென்று விழுங்கினார். பிறகு அந்த அம்மாவின் பெயரைச் சொன்னார். பல வருஷமாகப் புழங்காத ஒரு சொல்லைச் சொல்கிறவர் போல, மெதுவாக, பயந்து, கிட்டத்தட்டத் தனக்குள்ளேயே.

அந்த அம்மா மைக்கை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

“சத்தமாச் சொல்லுங்க. பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கல.”